கட்டி வெட்டும் வாய்க்கால்

தனக்கென்று ரத்தக்குழாய் இல்லாத புற்றுநோய்க் கட்டி ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கு மேல் வளர்வது அரிது. குழாயிலிருந்து ஆக்சிஜன் ஊறிப்போகும் தூரம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, மிஞ்சினால் இரண்டு பங்கு. அதற்கு அப்பால் இருக்கும் செல்கள் திணறுகின்றன. அப்படியே ஆண்டுக்கணக்கில் முடங்கிக் கிடக்கும் கட்டிகளும் உண்டு.

முடங்காத கட்டி என்ன செய்கிறது? ஆக்சிஜன் குறைந்ததும் செல்லுக்குள் ஹிஃப் என்ற புரதம் சேர்கிறது. மற்ற நேரத்தில் உண்டான சில நிமிடங்களிலேயே சிதைந்துபோகும் புரதம் அது. (இந்த நுட்பத்தைக் கண்டறிந்த மூவருக்குத்தான் 2019 மருத்துவ நோபல்.) ஹிஃப் தூண்ட, வெஜ்எஃப் என்ற இன்னொரு புரதம் வெளியே போகிறது. அது பட்டதும் பக்கத்து ரத்தக்குழாயின் சுவர்ச் செல்கள் துளிர்விட்டுக் கட்டியை நோக்கி நீள்கின்றன. காயம் ஆறவும் கரு வளரவும் உடம்பு வைத்திருக்கும் ஏற்பாடு இது. ஊர்க் கண்மாயிலிருந்து திருட்டு வாய்க்கால் வெட்டுவதுபோல் கட்டி அதைத் தன் பக்கம் திருப்பிக்கொள்கிறது.

அந்த வாய்க்காலை அடைக்கலாம் என்று 1971இல் எழுதியவர் பாஸ்டன் அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மன். பலர் நம்பவில்லை. வெஜ்எஃப்பை மடக்கும் பெவாசிசுமாப் என்ற மருந்து 2004இல்தான் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. முற்றிப் பரவிய பெருங்குடல் புற்றுநோய்க்குக் கீமோவோடு சேர்த்துக் கொடுத்ததில் ஆயுள் ஏறக்குறைய ஐந்து மாதம் கூடியது, அவ்வளவுதான். ஒரு வழி அடைபட்டால் கட்டி வேறு வழி தேடுகிறது. கான்பூர் ஐஐடியில் படித்த ராகேஷ் ஜெயின் 2001இல் சொன்னது எனக்கு இன்னும் ஆழமாகப் படுகிறது: கட்டியின் குழாய்கள் கோணல்மாணலானவை, கசிபவை, அதனால் மருந்தே உள்ளே சரியாகச் சேர்வதில்லை, குழாய்களை ஒழுங்காக்கினால் மருந்து போய்ச் சேரும்.

இந்த ஆராய்ச்சியில் நம் பக்கத்துச் செடி ஒன்றுக்கும் இடமுண்டு. கோவில்பட்டிச் சுற்றுவட்டாரத்தில் சுடுகாட்டுப்பூ என்று ஒதுக்கப்படும் நித்தியகல்யாணிதான். ஆடு மாடு வாய் வைக்காது. மழை பொய்த்தாலும் பூக்கும். தென்மாவட்டங்களில் மானாவாரிப் பயிராகவே விளைகிறது. அதன் இலையிலிருந்து வரும் வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து 1958இல் கனடாவில் கண்டறியப்பட்டது. ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 500 கிலோ காய்ந்த இலை வேண்டும். செல் பிளவுபடுவதை அது நிறுத்துகிறது. எலும்பு மஜ்ஜையையும் தாக்கும் நஞ்சு என்பதால் இலையைக் கஷாயம் வைத்துக் குடிக்கவே கூடாது.

2000இல் டொராண்டோ ஆய்வாளர்கள் இதே மருந்தை மிகக் குறைந்த அளவில், இடைவிடாமல், வெஜ்எஃப்பின் வழியை மறிக்கும் மருந்தோடு எலிகளுக்குக் கொடுத்தார்கள். குறி கட்டியின் செல்கள் அல்ல, அதற்கு ரத்தம் கொண்டுவரும் குழாயின் செல்கள். கட்டிகள் சுருங்கின, மாதக்கணக்கில் திரும்ப வளரவில்லை.