கள்ளச்சாவி போட்டாலும் கார் நகராது! சாவிக்குள் ஒளிந்திருக்கும் ரகசிய எண்

பெங்களூர் ஜே.சி.ரோடு பக்கமும் சிவாஜிநகர் சந்துகளிலும் நடந்து போகிறவர்கள் ஒரு மாறுதலைக் கவனித்திருக்கலாம். முன்பெல்லாம் சாவி செய்பவர் நடைபாதையில் குடை விரித்து உட்கார்ந்திருப்பார். ஒரு சின்ன பலகை, இரண்டு அரம், பழைய சாவிகள் கோர்த்த பெரிய வளையம். முதலீடு அவ்வளவுதான். இன்று அதே தொழிலில் இருப்பவர்களில் சிலர் கம்ப்யூட்டர் போன்ற ஒரு கருவியோடு வருகிறார்கள். ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு ஒயரைச் செருகுகிறார்கள். திரையில் ஏதோ படித்து, பொத்தான்களைத் தட்டி, "ஆச்சு" என்கிறார்கள். அரத்துக்குக் கால்வாசி வேலைதான்.

காரணம், இரும்பாக இருந்த கார் சாவி இப்போது பாதி எண்ணாக மாறிவிட்டது.

இது கார் வாங்கும் பணக்காரர்கள் சமாசாரம் என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். கார் முதலாளியுடையது, சாவி இருப்பதோ டிரைவரின் சட்டைப் பையில். வாடகைக் கார் ஓட்டுகிறவர்கள், பங்களா டிரைவர்கள், ஒர்க்ஷாப்பில் கை கறுத்தவர்கள் ஆகியோரில் நம்மவர்கள் எத்தனை பேர் என்பது அல்சூர், ஸ்ரீராமபுரம் பக்கம் குடியிருப்பவர்களுக்குத் தெரியும். சாவி தொலைந்தால் சம்பளத்தில் பிடிப்பு. கார் தொலைந்தாலோ, முதல் சந்தேகம் சாவி வைத்திருந்தவர் மேல்தான்.

பெயரிலேயே கள்ளன்

சாவி என்ற சொல் போர்ச்சுக்கீசியர் விட்டுப் போனது. ஆனால் மாற்றுச் சாவிக்குக் "கள்ளச்சாவி" என்று பெயர் வைத்தவர்கள் நாம். திருடன் அந்தப் பெயரிலேயே உட்கார்ந்திருக்கிறான். பழைய காலத்தில் அந்தப் பயம் நியாயமானதுதான். சோப்புக் கட்டியில் சாவியை அழுத்தி அச்சு எடுத்தால் போதும். அம்பாசடர், பத்மினி கார்களில் தேய்ந்த சாவி பக்கத்துக் காரையும் திறந்துவிடும் என்று டிரைவர்கள் சொல்வதுண்டு. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோதும் சாவி வெறும் உலோகம்தான்.

வேறு சாவி போட்டால் அதைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும் பூட்டு செய்தவர்கள் நம் திண்டுக்கல் ஆசாரிகள். (திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது.) கார்க் கம்பெனிகள் அந்த யோசனைக்கு வர வெகுகாலம் ஆயிற்று. 1986-ல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் தனது கார்வெட் காரின் சாவியில் ஒரு சிறு மின்தடைத் துண்டைப் பதித்தது. துண்டின் அளவு சரியாக இருந்தால்தான் எஞ்சின் கிளம்பும். ஆனால் மொத்தமே பதினைந்து அளவுகள். பொறுமையுள்ள திருடன் பதினைந்தையும் போட்டுப் பார்த்துவிடலாம்!

அதற்குப் பிறகு வந்ததுதான் டிரான்ஸ்பாண்டர் சிப். ஐரோப்பிய நாடுகளில் 1998 முதல் புதிய கார்களுக்கு எஞ்சினை முடக்கும் சாதனம் கட்டாயமாயிற்று. அதற்கு இம்மொபைலைசர் என்று பெயர். இந்தியக் கார்களிலும் அது படிப்படியாக வந்து சேர்ந்தது. மாருதி கம்பெனி தன் கார்களில் வைத்ததற்கு ஐ-கேட்ஸ் என்று பெயர் கொடுத்தது.

பாட்டரி இல்லாமல் பேசும் சிப்

சாவியின் கறுப்புப் பிளாஸ்டிக் தலைக்குள் அரிசியைவிடச் சற்றுப் பெரிய ஒரு துண்டு இருக்கும். அதற்குப் பாட்டரி கிடையாது. சாவி போடும் துவாரத்தைச் சுற்றி ஒரு கம்பிச் சுருள் இருக்கிறது. சாவியைத் திருப்பியதும் அந்தச் சுருளில் இருந்து வானொலி அலை கிளம்பும். பெங்களூர் வானொலியை 612 கிலோஹெர்ட்சில் கேட்டுப் பழகியவர்களுக்குச் சொன்னால் புரியும்: இந்த அலை சுமார் 125 கிலோஹெர்ட்ஸ். சில அங்குலத்துக்கு மேல் எட்டாது. அந்த அலையிலிருந்தே சிப் தனக்கு வேண்டிய மின்சாரத்தை எடுத்துக்கொண்டு, தன் எண்ணைச் சொல்கிறது. எண் சரியானால் எஞ்சின் ஓடும். தவறானால் பெட்ரோலோ தீப்பொறியோ கிடைக்காது.

ரெயில்வேக்காரனுக்கு இது புதிதாகத் தோன்றாது. டோக்கன் முறை உள்ள ஒற்றைப் பாதையில் இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவே வண்டி போக வேண்டுமானால், டிரைவர் கையில் டோக்கன் பந்து இருக்க வேண்டும். எஞ்சின் தயார், கார்டு தயார், பயணிகள் தயார். பந்து வரவில்லையா? வண்டி நகராது. கார் சாவிக்குள் இருப்பதும் அப்படி ஒரு டோக்கன்தான். நல்ல ரகச் சிப்பில் இன்னொரு சூட்சுமம் உண்டு. கார் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு கேள்வி கேட்கும். சிப் கணக்குப் போட்டுப் பதில் சொல்லும். நேற்றைய பதிலை ஒட்டுக் கேட்டவனுக்கு இன்று அது உதவாது.

சாவியில் உள்ள பாட்டரி, தூரத்திலிருந்து கதவைத் திறக்கும் பொத்தானுக்காக. பாட்டரி தீர்ந்தாலும் கார் கிளம்பும். பொத்தான் அழுத்தி ஸ்டார்ட் செய்யும் கார்களில் சாவியைப் பொத்தானை ஒட்டிப் பிடித்தால் பெரும்பாலும் வேலை நடக்கும். இது தெரியாமல் நடுராத்திரியில் இழுவை வண்டி கூப்பிட்டுச் செலவு செய்கிறார்கள்.

தெருவோரத்தில் அச்சு அசலாக வெட்டிய சாவி கதவைத் திறக்கும், பூட்டில் திரும்பவும் செய்யும். பல கார்களில் எஞ்சின் இரண்டு விநாடி உறுமிவிட்டு அணைந்துவிடும். டேஷ்போர்டில் சாவிப் படம் போட்ட விளக்கு மினுக்கும். பெட்ரோல் பம்ப் கோளாறு என்று நினைத்து மெக்கானிக்கைத் தேடுமுன் அந்த விளக்கைப் பார்க்க வேண்டும்.

நகல் வேறு, பதிவு வேறு

சிப் சாவிக்கு மாற்று செய்வதில் இரண்டு வழிகள் இருக்கின்றன. கடைக்காரர் இரண்டையும் "டூப்ளிகேட்" என்றுதான் சொல்வார்.

முதல் வழி நகல். பழைய சாவியின் எண்ணைப் படித்து, வெற்றுச் சிப்பில் அதே எண்ணை எழுதுவது. எல்லாச் சிப்புகளையும் இப்படிப் படியெடுக்க முடியாது. ஆனால் படியெடுத்துவிட்டால் காருக்கு இரண்டு சாவியும் ஒன்றே. இரட்டைப் பிள்ளைகளைப் போல.

இரண்டாவது வழி பதிவு. புதிய சிப்புக்குத் தனி எண் உண்டு. காரின் கம்ப்யூட்டரோடு கருவியை இணைத்து, "இந்த எண்ணையும் சேர்த்துக்கொள்" என்று எழுத வைப்பது. மஸ்டர் ரோலில் புதிய ஆள் பெயர் ஏறுவது மாதிரி.

இந்த வித்தியாசம் எங்கே கடிக்கும் என்றால், பழைய கார் வாங்கும்போது. காரில் எத்தனை சாவி பதிவாகியிருக்கிறது என்று ஒர்க்ஷாப்பில் பார்த்துச் சொல்வார்கள். இரண்டு என்று வரும். கையிலும் இரண்டு இருக்கும். ஆனால் நகல் எடுத்த மூன்றாவது சாவி அந்தக் கணக்கில் வராது! லோன் போட்டுப் பழைய கார் வாங்கி டாக்சி ஓட்டப் போகிறவர், பழைய எண்கள் எல்லாவற்றையும் அழிக்கச் சொல்லி, புதிய சிப்புகளைப் பதிவு செய்துகொள்வதே நல்லது. அசல் எண் அழிந்தால் அதன் நகலும் செத்துவிடும்.

பதிவு வேலையை ஒரு சாவி கையில் இருக்கும்போதே செய்துவிட வேண்டும். இரண்டும் தொலைந்த பிறகு போனால் செலவு பல மடங்கு. இழுவை வண்டி, ஆர்.சி. புத்தகம், அடையாள அட்டை, கம்பெனியிலிருந்து ரகசிய எண் வரும்வரை காத்திருப்பு. சில கார்களில் கம்ப்யூட்டர் பெட்டியையே மாற்றும்படி ஆகிவிடும். அத்தனை நாளும் சவாரி கிடையாது. லோன் தவணை மட்டும் நிற்காது.

சிப்பையும் உடைத்தார்கள்

சிப் இருந்தால் திருட்டே நடக்காது என்று எண்ணிவிடக் கூடாது. 1985-ல் பெங்களூரில் கால் வைத்த டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் கம்பெனியை நம்மவர்கள் அறிவார்கள். அதே கம்பெனியின் ஒரு வகைச் சாவிச் சிப்பை 2005-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் உடைத்துக் காட்டினார்கள். ரகசிய எண்ணுக்கு ஒரு லட்சம் கோடிக்கு மேல் வாய்ப்புகள் இருந்தும் கம்ப்யூட்டர் கண்டுபிடித்துவிட்டது. வேறொரு வகைச் சிப்பின் பலவீனத்தை 2013-ல் வெளியிட முயன்ற விஞ்ஞானிகளை வோக்ஸ்வேகன் கம்பெனி லண்டன் கோர்ட்டில் தடை வாங்கி நிறுத்தியது. கட்டுரை 2015-ல்தான் வெளிவந்தது.

ஆனாலும் சிப் இல்லாமை அதைவிட மோசம். அமெரிக்காவில் விற்ற ஹூண்டாய், கியா கார்களில் பலவற்றில் இம்மொபைலைசர் வைக்கவில்லை. 2021, 2022-ல் பள்ளிக்கூடப் பையன்கள் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டு அந்தக் கார்களை ஓட்டிக்கொண்டு போனார்கள்.

காகிதமே காவல்

கார் திருடு போனால் இன்சூரன்ஸ் கம்பெனி எப்.ஐ.ஆர். நகலோடு எல்லாச் சாவிகளையும் கேட்கும். ஒரு சாவி குறைந்தால் கேள்விமேல் கேள்வி வரும், பணம் இழுபறியாகும். அப்போது முதலாளியின் கண் டிரைவர் பக்கம் திரும்பும்.

ஆகவே சாவி தொலைந்த அன்றே முதலாளியிடம் சொல்லிவிட வேண்டும். திட்டு விழும், விழட்டும். கர்நாடக போலீசின் இ-லாஸ்ட் வசதியில் புகார் பதிந்து, அந்தச் சீட்டை முதலாளியிடம் கொடுத்து ஒரு நகலைத் தன்னிடம் வைத்துக்கொள்ள வேண்டும். மாற்றுச் சாவி செய்தால் ரசீது வாங்க வேண்டும், அதில் நகலா பதிவா என்று எழுதச் சொல்ல வேண்டும். ஆர்.சி. கேட்காமல் சாவி செய்து தரும் கடையிலிருந்து எழுந்து வந்துவிடுவது நல்லது. உங்களுக்குக் கேட்காமல் செய்பவர் மற்றவனுக்கும் கேட்காமல் செய்வார்.

வேலையை விடும்போது, "இத்தனை சாவி ஒப்படைத்தேன்" என்று தேதி போட்டு முதலாளியிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். டிரைவர்கள் இதைக் கேட்கவே கூச்சப்படுகிறார்கள். ரெயில்வேயில் புக்கிங் ஆபீஸ் கிளார்க் டியூட்டி மாறும்போது கையெழுத்தில்லாமல் காசையும் சாவியையும் கை மாற்றுவதில்லை. அதனால் யாரும் யாரையும் அவமதித்ததாக ஆகிவிடாது.

புதுக் கார் சாவி வளையத்தில் எண் பொறித்த சிறு தகடு ஒன்று தொங்கும். பல கார்களில் சாவியை வெட்டுவதற்கான எண் அதுதான். அதைக் கழற்றி வீட்டில் பீரோவில் வைக்க வேண்டும். காரின் டேஷ்போர்டு அறைக்குள் போட்டு வைப்பவர்களும் இருக்கிறார்கள்.