கடையும் ஒரு பள்ளிக்கூடமே

பொதுத்தேர்வு முடிந்ததும், "பையனைக் கொஞ்ச நாள் உங்கள் கடையில் நிற்க வையுங்கள்" என்று தெரிந்தவர்கள் வந்து கேட்பது நம்மில் பலருக்கும் பழக்கமானதே. நாமும் தட்டுவதில்லை. ஆனால் தேநீர் வாங்கி வரவும் பொட்டலம் கட்டவும் மட்டுமே அவன் கற்றுப் போனால், அவனுக்கும் பயனில்லை, நமக்கும் பெருமையில்லை.

அக்காலத்தில் கடைப் பையனாக வந்தவன் தொழிலைக் கற்றான், படிப்பை இழந்தான். இன்று மாணவன் படிக்கிறான்; தொழிலைக் கண்ணால் பாராமலே வெளியே வருகிறான். இரண்டும் இழப்புதான்.

தமிழ்நாட்டில் 1978-ல் மேல்நிலைக் கல்வி வந்தபோதே தொழிற்கல்விப் பிரிவும் வந்தது. வணிகவியல் மாணவ மாணவியருக்குக் குறிப்பேடு, பேரேடு, இருப்பாய்வு எல்லாம் பாடம். டேலி கூடப் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. உண்மையான கொள்முதல் பில்லையும் சரக்கையும் காட்ட வேண்டியவர்கள் நாமே.

ஒரு கணக்கைப் பாருங்கள். கிலோ 100 ரூபாய் வீதம் 50 கிலோ பருப்பு மூட்டை வாங்கி, 110 ரூபாய்க்கு விற்றால் லாபம் 500 ரூபாய் என்பான் மாணவன். சில்லறையில் நிறுக்கும்போது அரை கிலோ சேதாரம் போனால், கைக்கு வருவது 5,445 ரூபாய். லாபம் 445 தான். அதிலிருந்துதான் வண்டிக் கூலி, வாடகை, மின்கட்டணம். தராசின் முன் நின்றால் இது ஒரே நாளில் விளங்கிவிடும்.

ஒரு மாத விடுமுறையை இப்படிப் பிரிக்கலாம்:

முதல் வாரம்: சரக்கின் ரகம், தரம், காலாவதித் தேதி, தராசு முத்திரை.

இரண்டாம் வாரம்: கொள்முதல், இருப்பு, சேதாரம்.

மூன்றாம் வாரம்: பில், ஜி.எஸ்.டி., சிட்டை, பேரேடு.

நான்காம் வாரம்: வாடிக்கையாளரிடம் பேச்சு, கடன் வரவு, வசூல்.

சட்டத்தையும் மறக்கலாகாது. 14 வயது நிறையாத பிள்ளையை வேலைக்கு வைப்பது குற்றம். 2016-ல் திருத்தப்பட்ட சட்டப்படி, 14 முதல் 18 வயதுக்கு உட்பட்டோரை ஆபத்தான வேலையில் ஈடுபடுத்தக் கூடாது. மற்ற வேலைகளிலும் ஓய்வு உட்பட நாளுக்கு 6 மணி நேரமே வரம்பு. 3 மணி நேரத்துக்குப் பின் 1 மணி நேர ஓய்வு. இரவு 7 முதல் காலை 8 வரை வேலை கூடாது. வாரம் ஒரு நாள் விடுமுறை. மூட்டை தூக்க வைக்கவே வேண்டாம். பெற்றோரின் எழுத்துபூர்வ சம்மதமும், வயதுச் சான்றின் நகலும் வாங்கி வைப்பது நமக்கும் பாதுகாப்பு. மாத முடிவில் ஒரு தொகையும், கற்றதைக் குறிப்பிட்டு ஒரு கடிதமும் கொடுத்து அனுப்புவோம்.

பள்ளிப் படிப்பை முடித்தவர்களுக்கு 1961-ம் ஆண்டுத் தொழில் பழகுநர் சட்டப்படி முறையான பயிற்சி உண்டு. 2019 விதித் திருத்தத்துக்குப் பின், 4 பேர் வேலை செய்யும் நிறுவனமும் விரும்பினால் பழகுநரைச் சேர்க்கலாம். 30 பேரும் அதற்கு மேலும் உள்ள இடங்களில் அது கட்டாயம்.

நல்ல ஆள் கிடைக்கவில்லை, சொந்தப் பிள்ளைகளே கடைக்கு வர மறுக்கிறார்கள் என்று கூட்டந்தோறும் குறைப்படுகிறோம். தொழிலின் நுட்பத்தைக் காணாதவனுக்கு அதில் மதிப்பு எப்படி வரும்? அடுத்த விடுமுறைக்குள் ஊர்தோறும் சங்கத்தார் தலைமையாசிரியர்களைச் சந்தித்துப் பேசட்டும். கடைக்கு ஒரு மாணவர் போதும். அவர் வணிகராகாமல் போனாலும், கணக்கறிந்த மனிதராக வாழ்வார்.