பூட்டிய வீடும் கொல்லைப்புற வாசலும்



ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சிங்காரப்பேட்டையிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி என் வீட்டுக்கு வந்தாள். கையில், அவளுடைய அண்ணனுக்குப் பள்ளியில் கிடைத்த பழைய மடிக்கணினி. அதன் பாட்டரி எப்போதோ செத்துவிட்டது. முதல் நாள் மாலை வேலை செய்துகொண்டிருக்கும்போதே மின்சாரம் போயிற்று. மீண்டும் போட்டபோது, இயங்குதளம் காணப்படவில்லை என்று கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி!

“ஃபார்மட் செய்தால் சரியாகிவிடும் என்று கடையில் சொல்கிறார்கள் சார். ஆனால் அம்மாவின் சுயஉதவிக் குழுக் கணக்கு முழுவதும் இதில்தான் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை கூட்டம்” என்றாள்.

12 பெண்கள் மாதந்தோறும் கட்டிய சேமிப்பு, வாங்கிய கடன், திருப்பிய தவணை என மூன்று ஆண்டுக் கணக்கு அது. வேறு பிரதி கிடையாது. ஃபார்மட் செய்தால் கணினி பிழைக்கும், கணக்கு பிழைக்குமா?

கோளாறு எங்கே?

பொத்தானை அழுத்தியதும் கணிப்பொறிக்குள் என்ன நடக்கிறது தெரியுமா? முதலில், ஒரு சிறு சில்லில் நிலையாகப் பதிந்துள்ள நிரல் விழித்துக்கொள்கிறது. நினைவகம், விசைப்பலகை முதலியவற்றைச் சோதிக்கிறது. பிறகு வன்தட்டில் உள்ள ‘துவக்கி’ என்னும் சிறு நிரலைத் தேடிப் பிடிக்கிறது. அந்தத் துவக்கிதான் இயங்குதளத்தை நினைவகத்தில் ஏற்றுகிறது.

இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் கணிப்பொறி தொடங்காது. ஆனால் கண்ணி அறுந்ததால் கோப்புகள் அழிந்துவிட்டன என்று பொருளாகுமா? ஆகாது. வாசல் பூட்டு கெட்டுவிட்டது. வீட்டுக்குள் நெல் மூட்டை அப்படியே இருக்கிறது. கொல்லைப்புற வாசல் ஒன்று இருந்தால் போதும் அல்லவா?

அந்த வாசல்தான் ‘லைவ்’ தட்டு. இதில் முழு லினக்ஸ் இயங்குதளமும் இருக்கும். அது வன்தட்டைத் தொடாமல், நேரே நினைவகத்தில் ஏறி இயங்கும். மின்சாரத்தை நிறுத்தினால் சுவடின்றி மறையும். ஜெர்மனியின் கிளாஸ் நாப்பர் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘நாப்பிக்ஸ்’ இவ்வகையில் புகழ்பெற்றது. 700 மெகாபைட் குறுந்தட்டில், சுமார் 2 கிகாபைட் அளவுள்ள மென்பொருள்களைச் சுருக்கி அடக்கியிருந்தார் அவர். நம் நாட்டிலும் சி-டாக் நிறுவனம், டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு ‘பாஸ்’ லினக்ஸை உருவாக்கி 2007-இல் வெளியிட்டது. தமிழக அரசு 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மாணவர் கைக்கும் அது வந்தது.

தட்டே மக்கர் செய்தால்?

என்னிடம் ஒரு லைவ் தட்டு இருந்தது. போட்டேன். மீண்டும் அதே கறுப்பு வரி! மாணவியின் முகம் வாடிவிட்டது. இயற்பியலில் நாம் செய்வதுபோல, ஒவ்வொரு காரணமாகச் சோதித்து விலக்கினோம்.

ஒன்று: எதிலிருந்து தொடங்குவது என்ற வரிசையில் வன்தட்டு முதலில் இருந்தது. எஃப்12 விசையை அழுத்தித் தட்டைத் தேர்ந்தெடுத்தோம். (சில கணினிகளில் இந்த விசை வேறாக இருக்கும்.) அப்போதும் பயனில்லை.

இரண்டு: தட்டை என் கணினியில் திறந்து பார்த்தோம். உள்ளே ஒரே ஒரு பெரிய ஐ.எஸ்.ஓ. கோப்பு! தவறு என்னுடையதுதான். அதைப் படிமமாகப் பதிக்காமல், சாதாரணக் கோப்பாக நகல் எடுத்திருந்தேன். பெட்டியைப் பிரிக்காமலே பொருளைத் தேடினால் கிடைக்குமா? சரியாகப் பதித்த வேறொரு பழைய தட்டைத் தேடி எடுத்தேன்.

மூன்று: அந்தத் தட்டு பாதிவரை ஓடி நின்றது. அதன்மேல் தூசு. டி.வி.டி.யை 650 நானோமீட்டர் அலைநீளமுள்ள லேசர் ஒளி படிக்கிறது. தூசு அந்த ஒளியைச் சிதறடித்துவிடும். மெல்லிய துணியால், நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைத்தோம். வட்டமாகத் துடைக்கக் கூடாது. ஏன்? தகவல் சுருள் பாதையில் பதிந்துள்ளது. அதன் போக்கிலேயே கீறல் விழுந்தால் தொடர்ச்சியாகப் பல துணுக்குகள் கெடும். பிழைதிருத்தும் ஏற்பாட்டால் அவற்றை ஈடுசெய்ய முடியாமல் போகலாம். குறுக்கே விழும் கீறலோ ஒவ்வொரு சுற்றிலும் சிறிதளவே கெடுக்கும்.

இம்முறை பட்டியல் தோன்றியது. அதில் ‘நிறுவு’ என்பதைத் தவறியும் தொடாதீர்கள். பழைய கோப்புகள் போய்விடக்கூடும். ‘லைவ்’ என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டுக் காத்திருந்தோம். தட்டு வன்தட்டைவிட மெதுவானது, பொறுமை வேண்டும். வன்தட்டைப் ‘படிக்க மட்டும்’ என்ற முறையில் இணைத்தோம். கணக்குக் கோப்பு இருந்தது! முதல் வேலையாகப் பென் டிரைவில் நகல் எடுத்தோம். அதற்குப் பிறகே பழுது பார்ப்பதைப் பற்றிப் பேசினோம். ஆனால், வன்தட்டிலிருந்து ‘டிக், டிக்’ என்று விடாமல் ஒலி வந்தால் இம்முறை உதவாது. அது இயந்திரக் கோளாறு. உடனே நிறுத்திவிட வேண்டும்.

செவ்வாய்க்கிழமைக் கூட்டம் நடந்தது. இப்போது கணக்கின் நகல் இரண்டு இடங்களில் இருக்கிறது. தாளிலும் ஒன்று இருக்கிறது.

நீங்களும் செய்து பாருங்கள்: உங்கள் கணினி நன்றாக இருக்கும்போதே, ஆசிரியர் துணையுடன் ஒரு லைவ் தட்டையோ பென் டிரைவையோ தயாரித்துச் சோதித்து வையுங்கள். கொல்லைப்புறக் கதவு திறக்கிறதா என்று, வாசல் பூட்டு கெடுவதற்கு முன்பே பார்த்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம் அல்லவா?