கண் பெற்ற தலத்திலிருந்து கயற்கண்ணியின் நகருக்கு

தேனியிலிருந்து கம்பம் செல்லும் சாலையில் சுமார் 8 கி.மீ. தொலைவில், முல்லையாற்றங்கரையில் அமைந்துள்ளது வீரபாண்டி. கண்பார்வை இழந்த வீரபாண்டிய மன்னன் இங்கு வந்து வழிபட்டு, கௌமாரியம்மன் அருளால் ஒரு கண்ணும் கண்ணீஸ்வரமுடையார் அருளால் மற்றொரு கண்ணும் பெற்றான் என்கிறது தலவரலாறு. அன்று பாண்டிய மன்னன் தேடி வந்த ஊரிலிருந்து, இன்று பக்தர்கள் பாண்டியரின் தலைநகரான மதுரைக்குச் செல்கின்றனர். முல்லையாறும் வைகையில் கலந்து அதே மதுரையை நோக்கித்தான் செல்கிறது.

தேனிக்கும் மதுரைக்கும் இடையே சுமார் 75 கி.மீ. தூரந்தான். இருப்பினும், பல இல்லங்களில் இப்பயணம் இளையவர்களின் வேகத்துக்கே திட்டமிடப்படுகிறது. ஒரே நாளில் ஏழெட்டு இடங்கள் என்று பட்டியல் போடுகிறார்கள். மூன்றாவது இடத்திலேயே, “நீங்கள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், நான் இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன்” என்று பாட்டி சொல்லிவிடுகிறார். யாருக்காகப் புறப்பட்டார்களோ அவருக்கே தரிசனம் குறைந்துபோகிறது. இரண்டு இரவு தங்கி, இடங்களைக் குறைத்துக்கொண்டால் இக்குறை நேராது.

புறப்பாடு

மீட்டர்கேஜ் பாதை 2010 இறுதியில் மூடப்பட்டபின், அகலப்பாதையில் மதுரை - தேனி ரயில் 2022 மே மாதம் மீண்டும் ஓடத் தொடங்கியது. 2023 ஜூனில் போடிநாயக்கனூர் வரை நீண்டது. தினசரிப் பயணிகள் ரயில் காலையில் மதுரையிலிருந்து போடிக்கும், மாலையில் போடியிலிருந்து மதுரைக்கும் செல்கிறது. எனவே ஒரே நாளில் சென்று திரும்ப நினைப்போருக்கு இந்த ரயில் ஒத்துவராது. மாலையில் தேனியில் ஏறி, இரவில் மதுரையில் தங்குவோருக்கே ஏற்றது. புறப்படுமுன் நேரத்தை உறுதி செய்துகொள்வது நலம். ரயில் நிலையத்துக்கும் கோயிலுக்கும் இடைப்பட்ட வீதிகளில், கீழ்த்தளத்திலோ மின்தூக்கி உள்ள விடுதியிலோ அறை எடுத்தால் முழங்கால்களுக்கு நிம்மதி.

முதல் நாள்

அதிகாலையில் மீனாட்சியம்மன் சந்நிதி. அம்மனை முதலில் வணங்கிய பின்னரே சுவாமி தரிசனம் என்பது இத்தலத்து மரபு. பொற்றாமரைக் குளக்கரையில் சற்று அமர்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு, சுவாமி சந்நிதி செல்லும் வழியில் முக்குறுணி விநாயகரை வணங்கலாம். மூன்று குறுணி, அதாவது பதினெட்டுப் படி அரிசியில் விநாயகர் சதுர்த்தியன்று இவருக்குக் கொழுக்கட்டை படைக்கப்படுகிறது.

உள்ளே வெள்ளியம்பலத்தில் நடராசர் வலக்காலைத் தூக்கி ஆடுகிறார். பிற தலங்களில் தூக்கிய திருவடி இடதுதான். ஆடற்கலை பயின்ற ராஜசேகர பாண்டியன், கால் நோவின் துன்பத்தை உணர்ந்தான். எந்நேரமும் ஒரே காலில் நிற்கும் இறைவனுக்கு எவ்வளவு வலிக்கும் என்று இரங்கி, கால் மாறி ஆடும்படி வேண்டினான் என்பது திருவிளையாடல்.

2018 பிப்ரவரியில் நேர்ந்த தீ விபத்துக்குப்பின் கோயிலுக்குள் பக்தர்கள் கைப்பேசி கொண்டுசெல்லத் தடை உள்ளது. ஆகவே கூட்டத்தில் பிரிந்தால் எங்கே காத்திருப்பது என்பதை முன்கூட்டியே பேசிவைக்க வேண்டும். பொற்றாமரைக் குளப்படி பொருத்தமான இடம். விடுதியின் பெயரும் உறவினரின் எண்ணும் எழுதிய சீட்டு ஒன்று பெரியவர்களின் பையிலோ இடுப்பிலோ இருக்கட்டும். தரையில் வெயில் ஏறுமுன் வெளியே வந்துவிடுவது நல்லது.

சிற்றுண்டிக்குப்பின் திருமலை நாயக்கர் மகால். 1636-இல் கட்டப்பட்ட அரண்மனையில் எஞ்சியிருப்பது ஒரு பகுதியே. அதன் தூண்களே அன்றைய செழிப்பைச் சொல்லும். நண்பகலில் கோயில் நடை சாத்தியிருக்கும் வேளையை உணவுக்கும் உறக்கத்துக்கும் ஒதுக்கிவிடலாம்.

மாலையில் வண்டியூர் தெப்பக்குளம். மகால் கட்டுவதற்கு மண் எடுத்த பள்ளத்தையே திருமலை நாயக்கர் தெப்பக்குளமாக்கினார் என்றும், அப்போது கிடைத்தவரே முக்குறுணி விநாயகர் என்றும் கூறுவர். காலையில் கண்ட விநாயகர், முற்பகலில் கண்ட அரண்மனை, மாலையில் காணும் குளம் ஆகிய மூன்றும் ஒரே கதையில் இணைவதைப் பேரக்குழந்தைகளுக்குச் சொல்லப் பாட்டி தாத்தாவைவிடப் பொருத்தமானவர் யார்? குளத்தின் அருகிலேயே மாரியம்மன் கோயில் கொண்டிருக்கிறாள். கௌமாரியின் ஊரார் அவளை வணங்காமல் திரும்பலாகாது.

இரண்டாம் நாள்

காலையில் திருப்பரங்குன்றம். அறுபடை வீடுகளில் முதலாவதான இக்குடைவரைக் கோயிலில் மூலவர் பாறையிலேயே வடிக்கப்பட்டவர். ஆதலால் அபிஷேகம் வேலுக்கே நடைபெறுகிறது. உடலில் தெம்பிருந்தால் கூடலழகர் பெருமாளையும் சேவிக்கலாம். மேல்தளங்களுக்குப் படியேற இயலாதவர்கள் கீழே வீற்றிருக்கும் பெருமாளைச் சேவித்தாலே மனம் நிறையும். அன்றிரவும் தங்கி மறுநாள் காலை ரயிலில் திரும்பலாம். முன்னதாகவே திரும்ப விரும்புவோருக்கு ஆரப்பாளையத்திலிருந்து தேனிப் பேருந்துகள் உண்டு.

சித்திரையில் மதுரையில் திருக்கல்யாணமும் அழகர் இறங்குதலும், அம்மாதக் கடைசிச் செவ்வாயில் தொடங்கி வீரபாண்டியிலும் பெருந்திருவிழா. நெரிசல் தாங்க இயலாதவர்கள் அம்மாதத்தைத் தவிர்த்து, மார்கழி, தை போன்ற குளிர்ந்த நாட்களில் செல்லலாம். மாத்திரை, தண்ணீர்ப்புட்டி, உண்டியலுக்கான சில்லறை ஆகியவை தனிப்பையில் இருக்கட்டும்.

பட்டியலில் ஓர் இடம் விடுபட்டால் குறையில்லை. பெரியவர் ஒருவர் தம் கால் வலியைச் சொல்லத் தயங்கினால் அதுவே குறை. பாண்டியனின் வேண்டுதலுக்காக ஆடலரசனே கால் மாற்றிக்கொண்ட ஊரில், வலிக்கிறது என்று சொல்ல எவரும் கூச வேண்டியதில்லை.