இலவச மென்பொருளுக்கு யார் சம்பளம் கொடுப்பது?

லாபு, ரந்தாவ், பகாவ் வட்டாரத் தோட்டங்களுக்கு நிகழ்ச்சி நடத்தப் போகும்போது பெற்றோர்கள் கேட்கும் கேள்வி இது: "பையன் லினக்ஸ் படிக்கிறேன்னு சொல்றான். இலவசமா கிடைக்கிறதுக்கு யாருங்க சம்பளம் கொடுப்பாங்க?"

பால்மரம் சீவியும் செம்பனைக் குலை வெட்டியும் சேர்த்த காசில் படிக்க வைப்பவர்கள் இப்படிக் கேட்பதில் நியாயம் உண்டு.

'திறந்தமூலம்' என்றால் வெறும் 'இலவசம்' என்று பொருளல்ல. மென்பொருளின் நிரல்வரிகளை யாரும் பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம் என்பதே அதன் பொருள். சாம்பார் வைக்கும் முறை எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் கல்யாணத்தில் ஆயிரம் பேருக்குச் சமைக்க ஆள் வைத்துத்தானே செய்கிறோம்? அங்கே நாம் காசு கொடுப்பது செய்முறைக்கு அல்ல, பொறுப்புக்கு.

ரெட் ஹேட் நிறுவனம் வளர்ந்தது இந்த வழியில்தான். 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸை அடிப்படையாக வைத்து, 1993இல் அந்நிறுவனம் தொடங்கியது. கோளாறு வந்தால் சரிசெய்வோம், பாதுகாப்புத் திருத்தங்களை உடனுக்குடன் தருவோம் என்று உறுதி கொடுத்து, வங்கிகளிடமும் பெரிய நிறுவனங்களிடமும் ஆண்டுச் சந்தா வாங்கியது. 2012 நிதியாண்டில் அதன் வருமானம் 1 பில்லியன் டாலரைத் தாண்டியது. 2019இல் ஐபிஎம் அதை 34 பில்லியன் டாலருக்கு வாங்கியது.

வேறு வழிகளும் உண்டு. 2003இல் வந்த வேர்ட்பிரஸை யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். அதில் இணையத்தளத்தை அமைத்து, பராமரித்துக் கொடுக்கும் சேவையை ஆட்டோமேட்டிக் நிறுவனம் விற்கிறது. கூகுள் ஆண்ட்ராய்டை இலவசமாக விட்டுவிட்டு, விளம்பரத்திலும் செயலி விற்பனைக் கமிஷனிலும் சம்பாதிக்கிறது. அந்த விளம்பரங்களைப் பார்ப்பவர்கள் நாம்தான். ஆக, நாமும் ஒரு விலை கொடுக்கிறோம்!

இதில் ஆபத்தும் இல்லாமல் இல்லை. பெயர் பெற்ற பிறகு சில நிறுவனங்கள் கதவைச் சாத்தப் பார்க்கின்றன. 2021இல் எலாஸ்டிக் நிறுவனம் தன் தேடுபொறி மென்பொருளின் உரிம விதிகளை இறுக்கியது. உடனே அமேசான், முன்பே திறந்து விடப்பட்ட பதிப்பை எடுத்து 'ஓப்பன்சர்ச்' என்ற பெயரில் தொடர்ந்தது. ஒருமுறை திறந்து கொடுத்ததைத் திரும்பப் பிடுங்க முடியாது. இதுவே திறந்தமூலத்தின் பலம்.

நம் நாட்டு அரசாங்கமும் 2004இலேயே பொதுத்துறைக்கான திறந்தமூல மென்பொருள் பெருந்திட்டத்தை அறிவித்தது. மென்பொருள் இலவசமாகக் கிடைத்தாலும், அதை நிறுவவும் பயிற்சி தரவும் பழுது பார்க்கவும் ஆள் வேண்டும். வேலை அங்கேதான் இருக்கிறது.

ஆகவே பெற்றோர்களே, பிள்ளை லினக்ஸ் படித்தால் தடுக்காதீர்கள். ஆனால் ஆயிரக்கணக்கான ரிங்கிட் கட்டி ஒரு வகுப்பில் சேர்க்கும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள். "இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பாடத்தைவிட இங்கே கூடுதலாக என்ன சொல்லித் தருவீர்கள்? முடித்த பிறகு என் பிள்ளை யாருடைய, எந்தச் சிக்கலைத் தீர்ப்பான்?" தெளிவான பதில் வந்தால் மட்டும் பணத்தைக் கட்டுங்கள்.