எலெக்ட்ரான் கற்றையின் இரைச்சல்

தகரக் கூரையின்மீது மழை பெய்யுங்கால் எழும் ஒலி ஒரே சீராக இருப்பதில்லை. நீர் தனித்தனித் துளிகளாக விழுவதே அதற்குக் காரணம். மின்னோட்டமும் தனித்தனி எலெக்ட்ரான்களால் ஆனதாதலின், அதிலும் இத்தகைய ஏற்றத்தாழ்வு உண்டு என்பதை ஜெர்மன் விஞ்ஞானி வால்ட்டர் ஷாட்கி 1918ஆம் ஆண்டில் விளக்கினார். காதுக்குக் கேளாத இதனையும் விஞ்ஞானிகள் இரைச்சல் என்றே வழங்குகின்றனர்.

துகள் முடுக்கியில் எலெக்ட்ரான்கள் சிறு திரள்களாக, ஒளியின் வேகத்தை நெருங்கிச் செல்கின்றன. 250 பிகோகூலும் மின்னூட்டமுள்ள ஒரு திரளில் சுமார் 156 கோடி எலெக்ட்ரான்கள் அடங்கும். அத்திரளை மிக நுண்ணிய துண்டுகளாகப் பகுத்ததாகக் கொள்வோம். ஒரு துண்டில் சராசரியாக 10,000 எலெக்ட்ரான்கள் இருக்குமாயின், உண்மை எண்ணிக்கை அதன் வர்க்கமூலமாகிய 100 என்னும் அளவில் கூடியோ குறைந்தோ காணப்படும். எலெக்ட்ரான்கள் ஒன்றையொன்று சாராதிருக்கும்போது தோன்றும் இயல்பான இரைச்சல் இதுவேயாகும்.

எலெக்ட்ரான்களை எண்ணிப் பார்த்தல் இயலாது. ஆதலால் ஒளியே அளவுகோலாகிறது. கற்றையின் பாதையில் மெல்லிய உலோகத் தகடொன்றை வைத்தால், எலெக்ட்ரான்கள் அதன் பரப்பைக் கடக்கும்போது ஒளி தோன்றுகிறது. அவை ஒழுங்கின்றிப் பரவியிருப்பின், ஒளியின் செறிவு அவற்றின் எண்ணிக்கைக்கு நேர் விகிதத்தில் அமையும். ஒளியின் அலைநீள அளவில் அவை குவிந்து நெருங்கினாலோ, ஒளி பன்மடங்கு பெருகும். எதிர்பார்த்ததினும் ஒளி மிகுந்தால் இரைச்சல் மிகுந்தது என்றும், குறைந்தால் தணிந்தது என்றும் கொள்ளலாம்.

இவ்வளவீட்டின் இன்றியமையாமை, அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் எக்ஸ்-கதிர் லேஸர் அமைத்தபோது நன்கு புலனாயிற்று. 2007இல் அதன் கற்றையைச் சோதித்தவர்கள், தகட்டில் எதிர்பாராத பேரொளியைக் கண்டனர். கற்றையினுள் நுண்ணிய குவியல்கள் வளர்ந்திருந்தமையே காரணம். ஒளிப்படம் கற்றையின் உண்மை வடிவைக் காட்டத் தவறவே, மெல்லிய கம்பியைக் கற்றையின் குறுக்கே செலுத்தி அதன் பருமனை அளக்க வேண்டியதாயிற்று. குவியல்களின் வளர்ச்சியை அடக்குவதற்கெனத் தனியே ஒரு லேஸர் சாதனமும் அமைக்கப்பட்டது. 2009இல் அந்நிலையம் 1.5 ஆங்ஸ்ட்ராம் அலைநீளமுள்ள லேஸர் கதிரை வெளியிட்டது. வியப்பு என்னவெனில், அக்கதிருக்கு வித்தாக அமைவதும் கற்றையின் இயல்பான இரைச்சலே!

அவ்வியல்பான அளவினும் இரைச்சலைத் தாழ்த்த இயலுமா? எலெக்ட்ரான்கள் ஒன்றையொன்று விலக்கும் தன்மையுடையவை. நெருக்கமான இடத்திலுள்ளவை, உரிய தொலைவு செல்வதற்குள், நெருக்கமற்ற இடத்திற்குத் தள்ளப்பட்டு அடர்த்தி சமனாகக்கூடும். 2012இல் வெளியான ஆய்வுகளில், ஸ்டான்ஃபோர்டிலும் புரூக்ஹேவனிலும் கற்றையின் ஒளி, இயல்பான இரைச்சலுக்குரிய அளவினும் குறைந்தமை அளந்து காட்டப்பட்டது. எலெக்ட்ரான் கற்றையைக் கொண்டு அயனிக் கற்றைகளைக் குளிர்விக்கும் புதிய முறைகளில், மிகையான இரைச்சல் குளிர்விப்பதற்கு மாறாக வெப்பத்தையே கூட்டும். எனவே, இரைச்சலை அளந்தறியும் திறன் இத்துறையின் முன்னேற்றத்திற்கு அடிப்படையாகும்.