ஒரே பிளக்கில் உலகை இணைத்த பொறியியலாளர்

பலெர்மோவில் எம்மவர் குடியிருக்கும் வீடுகளின் சுவர்களைச் சற்று உற்றுநோக்குவோம். ஒரு சொக்கற்றில் சிறிய மூன்று துளைகள் வரிசையாக இருக்கும். அதே அறையின் இன்னொரு மூலையில் அதேபோன்ற, ஆனால் பெரிய மூன்று துளைகள் இருக்கும். குசினியிலோ வட்டமான பள்ளத்துடன் ஜேர்மன் சொக்கற் இருக்கும். வீட்டு வேலைக்குச் செல்லும் எமது சகோதர சகோதரிகளுக்கு இது நாளாந்த அனுபவம். ஒரு வீட்டில் ஸ்திரிக்கைப் பெட்டி பொருந்தும். அடுத்த வீட்டில் அடப்டர் தேட வேண்டும். இத்தாலியர் 'தெதெஸ்கா' என்று அழைக்கும் அந்த ஜேர்மன் பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு பொருத்தமான துளையைத் தேடி அலையாதவர் எம்மில் எவருமில்லை.

இந்தக் குழப்பத்துக்கு ஒரு வரலாறு உண்டு. இத்தாலியில் ஒரு காலத்தில் விளக்கு எரிக்கும் மின்சாரத்துக்கு ஒரு விலையும், இயந்திரங்களை இயக்கும் மின்சாரத்துக்கு வேறொரு விலையும் இருந்தன. வீட்டுக்குள் இரண்டு மின்மானிகள், இரண்டு வயர்த் தொகுதிகள் இருந்தன. ஒன்றுக்குரிய பிளக் மற்றதில் நுழைந்துவிடக் கூடாது என்பதற்காகவே அளவுகளும் வேறுபட்டன. சிறியது 10 அம்பியருக்கு உரியது. அதன் முட்கள் 4 மில்லிமீற்றர் தடிப்பு. பெரியது 16 அம்பியருக்கு உரியது. அதன் முட்கள் 5 மில்லிமீற்றர் தடிப்பு. 1974ஆம் ஆண்டில் இரு கட்டணங்களும் ஒன்றாக்கப்பட்டன. காரணம் மறைந்து அரை நூற்றாண்டு கடந்த பின்னரும் அதன் விளைவு மட்டும் எமது சுவர்களில் எஞ்சியிருக்கிறது.

ஒருமுறை சுவரில் பதிந்துவிட்ட இணைப்பை மாற்றுவது எவ்வளவு கடினம் என்பதற்கு இதுவே சான்று. ஆகவேதான், ஒன்றுக்கொன்று பொருந்தாத இணைப்புகளால் நிறைந்திருந்த ஒரு துறையில், போட்டி நிறுவனங்கள் அனைத்தையும் ஒரே இணைப்புக்கு உடன்படச் செய்த ஒரு பொறியியலாளரின் கதையை எமது வாசகர்களுக்குக் கூற விழைகின்றோம்.

பரோடாவிலிருந்து கலிபோர்னியாவுக்கு

அவர் பெயர் அஜய் பட். 1957ஆம் ஆண்டு இந்தியாவில் பிறந்தவர். குஜராத் மாநிலத்தின் பரோடா நகரிலுள்ள மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் பொறியியல் கற்றார். பின்னர் அமெரிக்கா சென்று நியூயோர்க் நகரப் பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பட்டம் பெற்றார். வாங் என்ற கணனி நிறுவனத்தில் பணியாற்றியபின், 1990ஆம் ஆண்டு கலிபோர்னியாவின் போல்சம் நகரில் இன்ரெல் நிறுவனத்தில் இணைந்தார்.

அக்காலக் கணனியின் பின்புறத்தை நினைவிற் கொள்வோர் எம்மிலும் உளர். விசைப்பலகைக்கு ஒரு வட்டத் துளை, அச்சுப்பொறிக்கு 25 முட்கள் கொண்ட அகன்ற இணைப்பு, மோடெமுக்கு வேறொன்று, விளையாட்டுக் கருவிக்கு இன்னொன்று. அச்சுப்பொறியைப் பூட்டுவதென்றால் கணனியை நிறுத்தி, இணைப்பைத் திருகாணியால் இறுக்கி, மீண்டும் இயக்கி, அதற்குரிய மென்பொருளையும் ஏற்ற வேண்டும். இவ்வளவுக்குப் பின்னரும் அது இயங்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

தமது மகளின் பாடசாலை வேலை ஒன்றை அச்சிடுவதற்காக மனைவி அச்சுப்பொறியுடன் போராடியதைக் கண்டதே தமது சிந்தனையைத் தூண்டியது எனப் பட் பல நேர்காணல்களில் கூறியுள்ளார். சுவரில் ஒரு பிளக்கைச் செருகினால் விளக்கு எரிகிறது. அதுபோல் கணனியிலும் எதையும் செருகினால் உடனே இயங்க வேண்டாமா என்பதே அவர் எழுப்பிய வினா. வினா எளியது. ஆனால் இன்ரெல் நிறுவனத்தின் உள்ளேயே அதற்கு முதலில் வரவேற்புக் கிட்டவில்லை. அவர் மனந்தளரவில்லை. தமது எண்ணத்துக்குச் செவிசாய்க்கும் வேறொரு பிரிவுக்கு மாறிச்சென்று அங்கிருந்து பணியைத் தொடர்ந்தார்.

போட்டியாளர்கள் ஒரே மேசையில்

இணைப்பு என்பது தனியொருவர் செய்து முடிக்கக்கூடிய பொருளல்ல. பிளக்கை ஒருவர் செய்தாலும் சொக்கற்றை மற்றவர் ஏற்க வேண்டும். 1994ஆம் ஆண்டில் கொம்பாக், டெக், ஐ.பி.எம்., இன்ரெல், மைக்ரோசொவ்ற், என்.இ.சி., நோர்ரெல் ஆகிய ஏழு நிறுவனங்கள் ஒன்றுகூடின. சந்தையில் இவற்றுட் சில ஒன்றையொன்று வீழ்த்த முயன்றவை. அவற்றை ஒரே வரைமுறைக்கு இணங்கச் செய்யும் பணியில் பட்டும் அவருடைய குழுவினரும் ஈடுபட்டனர். 1996 ஜனவரியில் அதன் முதலாவது வரைமுறை வெளியானது. அதுவே இன்று எமது சிறுவர்களும் அறிந்த யு.எஸ்.பி.

அதன் ஆக்கவுரிமைகளைக் கொண்டு பிறரிடம் பணம் அறவிடும் வாய்ப்பு இன்ரெலுக்கு இருந்தது. ஆயினும் எவரும் உரிமத்தொகை செலுத்தாமல் பயன்படுத்தலாம் என அந்நிறுவனம் விட்டுக்கொடுத்தது. யு.எஸ்.பி. உலகெங்கும் பரவியமைக்கு இத்தீர்மானம் ஒரு பெருங்காரணம். 1998ஆம் ஆண்டில் அப்பிள் நிறுவனம் தனது ஐமக் கணனியில் பழைய இணைப்புகளைக் கைவிட்டு யு.எஸ்.பி.யை ஏற்றதும் அதன் பரவல் விரைவுபெற்றது.

நான்கு தகடுகளின் நுட்பம்

ஆரம்பகால யு.எஸ்.பி. பிளக்கின் தட்டையான வாயினுள் நான்கு உலோகத் தகடுகள் மட்டுமே உள்ளன. ஓரங்களில் உள்ள இரண்டும் மின்சாரத்துக்கு, நடுவில் உள்ள இரண்டும் தகவலுக்கு. கூர்ந்து நோக்கினால் ஓரத் தகடுகள் நடுத்தகடுகளைவிடச் சுமார் 1 மில்லிமீற்றர் நீண்டிருப்பதைக் காணலாம். செருகும்போது முதலில் மின்சாரம் சேர்ந்து, அதன் பின்னரே தகவற் பாதை சேரவேண்டும். கழற்றும்போது தகவற் பாதை முதலில் பிரியவேண்டும். கணனியை நிறுத்தாமலே ஒரு கருவியைச் செருகவும் கழற்றவும் முடிவதற்கு இச்சிறு நீள வேறுபாடும் ஒரு காரணம்.

இந்நுட்பம் எமக்குப் புதியதன்று. தாயகத்தில் நாம் பாவித்த மூன்று முள் பிளக்கில் மேல்முள் மற்ற இரண்டையும்விட நீளமானது. அதுவே நிலத்தொடுப்பு முள். ஆபத்தான மின்சாரம் வருமுன் பாதுகாப்பு வந்துசேர வேண்டும் என்பதற்காகவே அது நீட்டப்பட்டது. 1947ஆம் ஆண்டில் பிரித்தானியாவில் வெளியான 13 அம்பியர் தரத்தில், அந்த நீண்ட முள் நுழைந்தால் மட்டுமே ஏனைய துளைகளின் மூடிகள் திறக்கும் ஏற்பாடும் சேர்ந்தது. குழந்தைகள் துளையினுள் எதையும் நுழைக்காதிருக்கும் பொருட்டுச் செய்யப்பட்ட ஏற்பாடு அது. அத்தரத்துக்கு வழிவகுத்த இருபது பேர் கொண்ட குழுவில் இருந்த ஒரே பெண், கரோலின் ஹஸ்லெற் என்ற பொறியியலாளர். இரண்டு முள் பிளக்கைச் செருகுவதற்காக மேல்துளையில் தீக்குச்சியைக் குத்தி அந்த மூடியைத் திறந்த எமது வழக்கம், அப்பாதுகாப்பை நாமே உடைத்த செயலாகும்.

யு.எஸ்.பி.யின் இன்னொரு சிறப்பு அதன் பேச்சுவார்த்தை. செருகப்பட்ட கருவி, தான் யார், தனக்கு எவ்வளவு மின்சாரம் தேவை என்பவற்றைக் கணனிக்கு அறிவிக்கும். தொடக்கத்தில் 5 வோல்ற்றில் 100 மில்லிஅம்பியர் மட்டுமே வழங்கப்படும். கணனி அனுமதித்தபின் 500 மில்லிஅம்பியர் வரை பெறலாம். கேட்டறிந்த பின் கொடுப்பது என்ற இந்த ஒழுங்குதான் பிற்காலத்தில் கைத்தொலைபேசிக்கும் மடிக்கணனிக்கும் ஒரே சார்ஜரைச் சாத்தியமாக்கியது.

ஒரு குறையும் அதன் தீர்வும்

உலகமே குறைகூறிய ஒரு விடயமும் உண்டு. பழைய யு.எஸ்.பி. பிளக்கைச் செருக முயன்றால் நுழையாது, திருப்பினாலும் நுழையாது, மீண்டும் திருப்பினால் நுழையும். இருபுறமும் நுழையுமாறு செய்திருந்தால் வயர்களும் சுற்றுகளும் இரட்டித்திருக்கும், செலவும் கூடியிருக்கும் எனப் பட் பின்னாளில் விளக்கமளித்தார். மலிவாக இல்லையெனில் எந்த நிறுவனமும் அதை ஏற்றிருக்காது. முழுமையான ஒன்றைச் செய்து எவரும் ஏற்காமற் போவதைவிட, குறையுள்ள ஒன்றை அனைவரும் ஏற்பது மேல் என்பதே அன்றைய கணிப்பு.

அக்குறை 2014ஆம் ஆண்டில் வரையறுக்கப்பட்ட 'சி' வகையில் தீர்ந்தது. 24 தொடுகைகள் இருபுறமும் ஒத்தவாறு அமைந்த அதனை எப்பக்கமாகவும் செருகலாம். பழைய தட்டை பிளக் 1,500 தடவைகள் செருகிக் கழற்றும் உறுதிக்கு வடிவமைக்கப்பட்டது. சி வகை 10,000 தடவைகளுக்கு. விரைவில் தேயும் வில் பாகங்கள் தொலைபேசியில் அன்றிக் கேபிளில் இருக்குமாறும் அமைத்தார்கள். விலைகூடிய தொலைபேசி தேய்வதைவிட மலிவான கேபிள் தேயட்டும் என்பதே இதன் கருத்து. வீட்டில் தொலைபேசி சார்ஜ் ஏற மறுத்தால் முதலிற் கேபிளை மாற்றிப் பார்ப்பது நல்லது.

பட்டின் பெயர் 2009ஆம் ஆண்டில் பலரும் அறிய வந்தது. இன்ரெல்லின் தொலைக்காட்சி விளம்பரம் ஒன்று அவரை இசை நட்சத்திரம் போன்று காட்டியது. ஆனால் அதில் தோன்றியவர் ஒரு நடிகர். 2013ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஆக்கவுரிமை அலுவலகம், ஐரோப்பாவுக்கு வெளியேயுள்ள நாடுகளுக்கான பிரிவில் ஐரோப்பியக் கண்டுபிடிப்பாளர் விருதை அவருக்கும் குழுவினருக்கும் வழங்கியது.

ஐரோப்பாவின் சட்டமும் எமது வீடும்

2022 ஒக்ரோபர் 4ஆம் திகதி ஐரோப்பியப் பாராளுமன்றம் பொதுச் சார்ஜர்ச் சட்டத்தை 602 வாக்குகளால் நிறைவேற்றியது. எதிர்த்து 13 வாக்குகளே கிடைத்தன. இதன்படி 2024 டிசெம்பர் 28 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்பனைக்கு வரும் புதிய கைத்தொலைபேசிகளும் பலகைக் கணனிகளும் புகைப்படக் கருவிகளும் சி வகை இணைப்பைக் கொண்டிருக்க வேண்டும். மடிக்கணனிகளுக்குச் சட்டம் குறித்த நாள் 2026 ஏப்ரல் 28. பாவனையின்றி வீசப்படும் சார்ஜர்கள் ஆண்டொன்றுக்குச் சுமார் 11,000 தொன் குப்பையாகின்றன எனவும், தேவையற்ற சார்ஜர்களுக்கு மக்கள் ஆண்டுக்கு 25 கோடி யூரோ செலவிடுகின்றனர் எனவும் கணக்கிட்டே இச்சட்டம் கொண்டுவரப்பட்டது. சார்ஜர் இல்லாமல் தொலைபேசியை மட்டும் வாங்கும் உரிமையும் இதனால் எமக்குக் கிடைத்துள்ளது. ஒவ்வொரு யூரோவையும் எண்ணிச் செலவிடும் குடும்பங்களுக்கு இது சிறிய செய்தியல்ல.

ஆயினும் பிளக்கின் வடிவம் ஒன்றானதால் தரமும் ஒன்றாகிவிடாது. தாயக உறவுகளுடன் இரவிற் பேசியபடியே தொலைபேசியைச் சார்ஜில் இட்டுத் தலையணையின் கீழ் வைத்து உறங்குவது எம்மவரிடையே வழமையாகிவிட்டது. மலிவுச் சார்ஜர் சூடேறித் துணியிற் பற்றிக்கொள்ள நெடுநேரம் தேவையில்லை. பாதுகாப்பு அடையாளமும் தயாரிப்பாளர் பெயரும் இல்லாத சார்ஜரைத் தவிர்ப்போம். கட்டிலில் வைத்துச் சார்ஜ் ஏற்றுவதையும் தவிர்ப்போம்.

சுவர்ச் சொக்கற்றுகளிலும் அதே எச்சரிக்கை வேண்டும். ஜேர்மன் பிளக்கின் நிலத்தொடுப்பு அதன் பக்கவாட்டில் உள்ளது. இத்தாலியச் சொக்கற்றின் நிலத்தொடுப்போ நடுத்துளையில் உள்ளது. தெதெஸ்காவை வலிந்து இத்தாலியத் துளையிற் புகுத்தினால் கருவி இயங்கும். நிலத்தொடுப்பு மட்டும் இராது. சலவை இயந்திரத்தின் உடலில் மின்சாரம் கசிந்தால், ஈரக்கையால் அதைத் தொடுபவரின் உடலே அதற்கு வழியாகும். அத்தகைய கசிவை உணர்ந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியை இத்தாலியர் 'சல்வவீத்தா', அதாவது உயிர்காப்பி என்கின்றனர். அது அடிக்கடி விழுகிறது என்பதற்காக அதனைக் கட்டிவைப்பதோ அகற்றுவதோ பேராபத்து. அடப்டரின் மேல் அடப்டராகக் கோத்து ஸ்திரிக்கைப் பெட்டியையும் மின்னடுப்பையும் ஒரே சொக்கற்றில் இயக்குவதும் அவ்வாறே. 10 அம்பியர்ச் சொக்கற் ஏறத்தாழ 2,300 வாற்றுக்கே உரியது. ஸ்திரிக்கைப் பெட்டி ஒன்றே 2,000 வாற்றுக்கு மேல் இழுக்கக்கூடும்.

எமது பிள்ளைகளுக்கு

1990களில் யாழ். குடாநாட்டில் மின்சாரம் இல்லாதிருந்த ஆண்டுகளில், சைக்கிள் டைனமோவைச் சுழற்றி, முறுக்கிய வயர்களால் வானொலியை இணைத்துச் செய்தி கேட்ட தலைமுறை எம்முடையது. பிளக்கும் சொக்கற்றும் இல்லாத இடத்தில் இணைப்பை உருவாக்கியவர்கள் நாம். அதே கைகள் இன்று பலெர்மோவின் வீடுகளில் நாளெல்லாம் பிளக்குகளைச் செருகிக் கழற்றுகின்றன. எந்த இணைப்புத் தளர்கிறது, எது சூடேறுகிறது, எது கைக்கு உபாதை தருகிறது என்பதை அறிந்தோர் எமது தாய்மாரும் தந்தைமாருமே.

இந்நகரின் தொழில்நுட்பப் பாடசாலைகளிலும், வியாலே தெல்லெ சியென்சேயில் அமைந்த பல்கலைக்கழகத்தின் பொறியியற் பிரிவிலும் கற்கும் வாய்ப்பு எமது பிள்ளைகளுக்கு உண்டு. அங்கே சூத்திரங்கள் கற்பிக்கப்படும். எதைத் திருத்த வேண்டும் என்ற வினா மட்டும் வீட்டிலிருந்து வரவேண்டும். பட்டுக்கு அது வீட்டிலிருந்த அச்சுப்பொறியிலிருந்து வந்தது. ஆகவே பெற்றோர் தமது வேலைத்தலத்தில் காணும் குறைகளைப் பிள்ளைகளிடம் கூறுவார்களாக. 'இது இப்படித்தான் இருக்கும்' என்று முடிக்காமல், 'இது ஏன் இப்படி இருக்கிறது?' என்று பிள்ளைகள் கேட்கும்போது பொறுமையுடன் இடமளிப்பார்களாக.